ஸஹாப்தீன் ஒட்டிய முடிவு

அலைவாய் டிவியில் ஞாயிறுதோறும் பகல் இரண்டு மணிக்கு ஒரு மனிதர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, பழைய படங்கள் தொலைக்காட்சிக்கு வந்த வரலாற்றைப் பத்து நிமிடம் சொல்லுவார். திருகோணமலை வெயிலில் கோட்டு. அவர் பெயர் குணரத்தினம். தொண்ணூற்றோராம் ஆண்டுவரை என் புருஷன். காகிதத்தில் இன்றைக்கும்தான்.

அலைவாய் டிவி என்றதும் ஏதோ பெரிய நிலையம் என்று நினைத்துவிட வேண்டாம். துறைமுக வீதியில் ஒரு ஐஸ் ஃபக்டரிக்கு மேலே இரண்டு அறை, அவ்வளவுதான். முதலாளி யோகலிங்கம் முன்பு ஏணியும் கையுமாகக் கேபிள் வயர் இழுத்துத் திரிந்தவர். இப்போது தலைவர் என்று அட்டை அடித்து வைத்திருக்கிறார். படங்களை இணையத்திலிருந்து இறக்குவார். மூலையில் வேறு யாருடைய சின்னமாவது இருந்தால் அதன்மேல் தன்னுடையதை ஒட்டிவிடுவார். கீழே மரண அறிவித்தல்கள் ஓடும். கதாநாயகி வாய்விட்டு அழுகிற நேரத்தில், அவள் நாடிக்குக் கீழே கனடாவில் காலமான யாரோ ஒருவரின் மருமக்கள் வரிசையாகப் போவார்கள். சனம் அழுகையைப் பார்க்காது, அதைத்தான் வாசிக்கும். இதற்குப் பெயர் ‘பொற்காலத் திரை’.

குணரத்தினம் “எண்பதுகளின் தொடக்கத்தில்” என்று ஆரம்பித்து, கண்ணை மூடி, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் மேலே போவார். அரச தொலைக்காட்சியில் எப்போதாவது ஒரு தமிழ்ப் படம் வந்த காலம். அதற்காக ஒரு தெருவே ஒரு வீட்டு விறாந்தையில் குவிந்த காலம். பிறகு வீடியோ டெக்கும் கசெட்டும் வந்த காலம். கரண்ட் இல்லாமல் லொறி பற்றரியில் படம் ஓடிய காலம். எந்தக் காலம் என்றாலும் அதன் நட்டநடுவில் குணரத்தினம் நிற்பார். எங்கள் தெருவின் முதல் கலர்ப் பெட்டி அவருடையது. சவூதியில் வேலை செய்து கொண்டுவந்த இருபத்தொரு இஞ்ச் டிவி. அதைச் சொல்லாமல் ஒரு ஞாயிறும் போனதில்லை. கேட்டுக்கொண்டிருந்தால், திரைப்படத்தையே இந்த மனிதர்தான் கப்பலில் ஏற்றிவந்து துறைமுகத்தில் இறக்கினார் என்று தோன்றும்.

வந்தவர்களுக்கு யார் தேத்தண்ணி ஊற்றினார்கள் என்பது மட்டும் அந்த வரலாற்றில் கிடையாது. டெக் எடுத்துப் படம் போடுகிற வீடு வந்த சனத்துக்கெல்லாம் தேத்தண்ணி கொடுக்கவேண்டும், அது எங்கள் தெருவின் முறை. நாற்பது பேர் வந்தால் நாற்பது கிளாஸ். மூன்று படம் ஓடினால் மூன்று தரம். அதனால் என் வீட்டில் ஓடிய படங்களில் பாதியை நான் குசினிச் சுவருக்கு இந்தப்பக்கம் நின்று காதால்தான் பார்த்தேன். இந்த விஷயத்தைப் பெருமூச்சு விட்டுச் சொல்ல யாரும் இல்லை.

இவ்வளவும் எனக்கு ஒரு பொருட்டாகவே இருந்திராது. ரிமோட் கையில் இருக்கிறது, மாற்றிவிட்டுப் போகலாம். ஆனால் போன மாதம் என் மகள் சிவாஜினி ஒரு முடிவு எடுத்துவிட்டாள். அப்பாவுக்கு எழுபது வயதாகிவிட்டது, முழங்கால் ஏலாது, சந்தைக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் கடைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு கிடக்கிறார். ஆகையால் அவர் லிங்கநகருக்கு வந்து எங்களோடு இருக்கப்போகிறார். திங்கட்கிழமை வருகிறார். நான் கூட்டுறவுக் கடையில் இருபத்தாறு வருஷம் கால்கடுக்க நின்று கட்டிய வீடு அது. அதில் யார் படுக்கப்போகிறார்கள் என்பது கடைசியாகத்தான் என் காதுக்கு வந்தது.

“அவர் இந்த வாசலால உள்ள வர ஏலாது” என்றேன்.

“ஏன் அம்மா? ஒரு பிழையான கசெட்டாலதானே பிரிஞ்சனீங்கள்? அது பிழை எண்டு இப்ப எல்லாருக்கும் தெரியும்.”

முப்பத்தேழு வயதில், வங்கியில் பத்துப் பேரை மேய்க்கிற பெண் கதைக்கிற கதை இது. தகப்பன் ஓதிவிட்டது.

கசெட் கதையையும் சொல்லிவிடுகிறேன். மூதூர் ஸஹாப்தீன் காலை லாஞ்சியில் கடல் தாண்டி ஒரு பெட்டி நிறையக் கசெட்டோடு திருகோணமலைக்கு வருவார், வாடகைக்குக் கொடுத்துவிட்டுப் பின்னேர லாஞ்சியில் திரும்புவார். அவரிடம் ‘வேலம்மா வீட்டு விளக்கு’ என்று ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. வேலம்மாவின் புருஷன் இன்னொருத்தியோடு ஊர் சுற்றிவிட்டு, எல்லாம் தீர்ந்தபிறகு மழையில் நனைந்துகொண்டு வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். வேலம்மா கதவைத் திறக்கிறாள். அந்த இடத்தில் கசெட்டை யாரோ வீட்டு டெக் மென்று துப்பிவிட்டது. ஸஹாப்தீன் மென்ற துண்டை வெட்டி எறிந்துவிட்டு, அதே நடிகை நடித்த வேறொரு படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை அதில் ஏற்றிவிட்டார். அந்தப் படத்தில் அவள் புருஷன் முகத்தில் அடித்தமாதிரிக் கதவைச் சாத்துகிறாள், பின்வழியால் சூட்கேசோடு போய் ரயிலேறிவிடுகிறாள். சேலை வேறு. மழை போன இடம் தெரியாது, நல்ல வெயில். புருஷனும் வேறு ஆள், முதுகு மட்டும் தெரிந்ததால் தப்பிவிட்டான். இந்த ஊரில் ஒரு மனிதர்கூட அதைக் கவனிக்கவில்லை. என் வயதுப் பெண்களுக்கெல்லாம் வேலம்மா என்றால் கதவைச் சாத்தியவள்தான்.

இதைப் பற்றி ஸஹாப்தீனிடம் பிறகு ஒருநாள் கேட்டேன். மகன்மாரின் போன் கடையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

“மறுகா என்ன தங்கச்சி செய்யிற? படம் பாதியில நிண்டா சனம் என்னைக் கிழிச்சிருக்கும். ஏதோ ஒரு முடிவு இருக்கட்டும் எண்டு போட்டன். பொம்புளையள் திருப்பித் திருப்பிக் கேட்டு எடுத்தாங்க” என்றார்.

இந்த விவகாரத்தில் மழுப்பாமல் கதைத்த ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான்.

குணரத்தினத்தின் கண்டுபிடிப்பு என்னவென்றால், தொண்ணூற்றோராம் ஆண்டு நான் அவர் முகத்தில் கதவைச் சாத்தியதற்கு அந்தக் கசெட்தான் காரணம். ‘என் பெண்சாதி பூரணி நல்லவள், படம் பார்த்துக் கெட்டுப்போனாள்.’ இதை முப்பது வருஷமாகத் தேத்தண்ணிக் கடை ஒவ்வொன்றிலும் சொல்லி, கடைசியில் டிவியிலும் பெயர் சொல்லாமல் சொல்லிவிட்டார். தன் முதுகைத் தானே இவ்வளவு சுகமாகத் தடவிக்கொடுத்த ஒரு மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்தப் படத்தின் முடிவு ஓடியபோது நான் குசினியில் பால்மா கரைத்துக்கொண்டிருந்தேன். எந்த முடிவையும் நான் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சண்டை தொடங்கி, உயிருக்குப் பயந்து ஊரே கிளம்பியது. மரம் விற்கிற மரக்காலை முதலாளியின் லொறி ஒன்று வவுனியாவுக்குப் போனது. பின்னால் முதலாளியின் குடும்பமும் சாமான்களும். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் எங்களுக்கு இடம் தந்தார்கள். நெருக்கி இருந்தால் இரண்டு பேர், பிள்ளை மடியில். குணரத்தினம் ஏறினார். அதில் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை, அந்த நாட்களில் ஆண்களைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு கையை நீட்டினார். பிள்ளையைக் கேட்கிறார் என்று நான் சிவாஜினியை நீட்டினேன். “இல்லையப்பா, அதைத் தூக்கித் தா” என்றார். பெட்ஷீற்றால் சுற்றி வாசல் படலையடியில் வைத்திருந்த டிவிப் பெட்டியைத்தான் கேட்டார். அதை நானே தூக்கிக் கொடுத்தேன். பக்கத்துச் சீற்றில் வைத்து, கண்ணாடி உடையாமல் கையால் அணைத்துக்கொண்டு, லொறியைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். லொறி வரவில்லை. மூன்று வயதுப் பிள்ளை, அதற்குக் காய்ச்சல் வேறு. தோளில் போட்டுக்கொண்டு நிலாவெளி வரைக்கும் நடந்தேன். ஒன்பது மைல். பிள்ளையை ஒரு அடி நடக்கவிடவில்லை.

எட்டு மாதம் கழித்து, நான் ஊருக்குத் திரும்பி வந்தபிறகு, அவரும் பெட்டியோடு வந்தார். வந்தவர் பிள்ளை எங்கே என்று கேட்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். “அன்ரெனா நிக்குதோ?” என்றார். நான் கதவைச் சாத்தினேன்.

இதை நான் மகளுக்குச் சொல்லவில்லை. வாகனம் கிடைக்கவில்லை, நடந்தோம் என்று மட்டும் சொல்லி வளர்த்தேன். பள்ளிக்கூடப் படிவத்தில் தகப்பன் பெயர் எழுதுகிறபோது அவள் எழுத்து அழகாக இருக்கும். உன்னைவிட ஒரு பெட்டியைப் பெரிதாக நினைத்தவர் உன் அப்பா என்று எந்தத் தாய் பிள்ளைக்குச் சொல்லுவாள்? என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைக்கட்டும், பரவாயில்லை என்று விட்டேன். அந்தப் பரவாயில்லைதான் இப்போது அவரை என் முன் அறையில் கொண்டுவந்து படுக்க வைக்கப்போகிறது.

அந்த ஞாயிறு ‘வேலம்மா வீட்டு விளக்கு’ முழுப் படமும் உண்மையான முடிவோடு காட்டப்படும் என்று யோகலிங்கம் ஒரு வாரமாக விளம்பரம் போட்டுக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் நேயர்கள் நேரலையில் கதைக்கலாம். திங்கட்கிழமை வருகிற மனிதர் ஞாயிற்றுக்கிழமையே ஊரைச் சாட்சிக்கு வைத்துத் தீர்ப்பு வாங்கிக்கொண்டு வரப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது.

“என்னோட இருந்து அந்த முடிவை ஒருக்காப் பாருங்கோ அம்மா” என்றாள் சிவாஜினி. “அதுக்குப் பிறகும் வரவேண்டாம் எண்டா, ஏன் எண்டு எனக்குச் சொல்லுங்கோ. சும்மா ஏலாது, ஏலாது எண்டா நான் கேக்க மாட்டன்.”

பார்த்தோம். இரண்டே முக்கால் மணித்தியாலம். நடுவில் பன்னிரண்டு பேர் காலமானார்கள், இரண்டு நகைக்கடைகள் கழிவு விலை அறிவித்தன. கடைசியில் மழை கொட்டுகிறது, புருஷன் வாசலில் நிற்கிறான், வேலம்மா கதவைத் திறக்கிறாள். நேரே காலில் விழுகிறாள். அவன் கால் சேற்றைச் சேலைத் தலைப்பால் துடைத்து, அந்தத் தலைப்பைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். ஒரு பாட்டும் பாடுகிறாள். பாட்டு முடிய உயிரும் முடிகிறது. புருஷன் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்து அழுகிறான். இந்தக் கண்றாவியை மறைத்ததற்காகவே ஸஹாப்தீனுக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம். நான் சிவாஜினியைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

திரையில் கோட்டு வந்தது. குணரத்தினத்துக்கு முகமெல்லாம் பல்.

முதல் அழைப்பு உப்புவெளியில் இருந்து. ஒரு வயதான அம்மா. “தம்பி, முடிவை மாத்திப்போட்டியள். வேலம்மா ரயிலில எல்லோ போறவ?”

“இல்லையம்மா, இதுதான் உண்மையான முடிவு. நீங்கள் பாத்தது பிழையான கசெட்.”

“எனக்குப் பிழையானதுதான் வேணும்” என்று அந்த அம்மா வைத்துவிட்டார்.

அடுத்தது கிண்ணியாவில் இருந்து ஒருவர். “கதவைச் சாத்துற சீனை வெட்டினது ஆர்? அதுக்காகத்தான் நாங்க ரெண்டு மணியில இருந்து குந்திக்கிட்டு இருக்கம்.” பிறகும் இரண்டு பேர் அதே புகார். குணரத்தினம் சிரித்துச் சிரித்து விளக்கினார். ஒரு கசெட்டின் பிழையால் இந்த ஊரில் குடும்பங்களே பிரிந்தன என்றார். சிலருக்கு முப்பத்துமூன்று வருஷம் வீணாகப் போனது என்றார். பெருமூச்சு. பிழை தெரிந்தபிறகு திருந்துவதுதான் மனிதத் தன்மை என்றபோது கமெராவை நேராகப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார். சிவாஜினி என் கையைப் பிடித்தாள். நான் இழுத்துக்கொண்டேன்.

அதோடு வாயை மூடியிருந்தால் அவர் வென்றிருப்பார். ஆனால் வாயை மூடுகிற ஆள் இல்லையே. யோகலிங்கம் கமெராவைத் திருப்பினார். பக்கத்தில் ஒரு மேசை, அதில் பட்டுத் துணி, துணிக்குமேல் அந்தப் பெட்டி. அதற்கு ஒரு மல்லிகை மாலை வேறு போட்டிருந்தார்கள்.

“நேயர்களே, இந்த நகரத்தின்ர திரைப்பட வரலாறு இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு” என்றார் குணரத்தினம். “தொண்ணூறில ஊர் கிளம்பேக்க எல்லாரும் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடினவை. நான் இதை விடேல்லை. மரக்காலை முதலாளின்ர லொறியில, முன் சீற்றில, எனக்குப் பக்கத்தில வச்சு, வவுனியா மட்டும் ஒரு கீறல் விழாமல் கொண்டுபோனனான்.”

சிவாஜினி என் பக்கம் திரும்பினாள். “அப்பா லொறியிலயோ போனவர்?”

“ஓம்.”

“வாகனம் கிடைக்கேல்லை எண்டெல்லோ நீங்கள் சொன்னனீங்கள்?”

“எங்களுக்குக் கிடைக்கேல்லைதான்.”

அவள் திரையைப் பார்த்தாள். பெட்டி அகலமான பெட்டி. அதன் அகலத்தை அவள் கண்ணால் அளப்பது எனக்குத் தெரிந்தது.

“அந்த இடத்தில நீங்கள் இருந்திருக்கலாமோ அம்மா?”

“உன்னை மடியில வச்சுக்கொண்டு இருந்திருக்கலாம்.”

அவள் போனை எடுத்தாள். இரண்டு மரண அறிவித்தல்களுக்கு நடுவில் ஓடிய இலக்கத்தைப் பார்த்து அழுத்தினாள். நான் தடுத்திருக்கலாம். முப்பத்துமூன்று வருஷம் தடுத்துவைத்தது போதும் என்று இருந்துவிட்டேன்.

“வணக்கம், அலைவாய் டிவி, எங்க இருந்து கதைக்கிறீங்கள்?”

“லிங்கநகரில இருந்து. சிவாஜினி.”

“என்ர மகள்!” மனிதருக்குக் கதிரையில் இருக்க முடியவில்லை. “நேயர்களே, என்ர சொந்த மகள்! அம்மா படம் பாத்தவவோ மகள்?”

“பாத்தவ.”

“முடிவையும் பாத்தவவோ?”

“ஓம் அப்பா. எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. அந்த லொறி போகேக்க எனக்கு எத்தனை வயசு?”

குணரத்தினம் மேலே பார்த்துக் கணக்குப் போட்டார். அப்போதும் அவருக்கு விளங்கவில்லை, சிரிப்பு அப்படியே இருந்தது. “மூண்டு. இல்லை, மூண்டே கால்.”

“நான் எங்க இருந்தனான்?”

“நீ அம்மாவோட.”

“அம்மா எங்க இருந்தவ?”

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. கீழே யாரோ ஒருவரின் முப்பத்தோராம் நாள் அழைப்பு ஓடி முடிந்து, மறுபடியும் முதலில் இருந்து ஓடியது. யோகலிங்கத்துக்கு விளம்பரத்துக்குப் போகவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, அவரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கவேண்டும். பிள்ளையை விட்டுவிட்டுப் போனது பிழை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். சொல்லியிருந்தால் என் மகள் கதவைத் திறந்திருப்பாள், நானும் விட்டிருப்பேன். உண்மையைத்தான் சொல்கிறேன்.

அவர் கையை நீட்டி, மாலைக்குப் பக்கத்தில், பெட்டியின் மேல் வைத்தார்.

“அந்தக் காலத்தில இப்பிடி ஒண்டை இஞ்ச வாங்க ஏலாது மகள்” என்றார். “இது ஜப்பான் பெட்டி.”

“அப்ப அதோடயே இருங்கோ அப்பா” என்றாள் சிவாஜினி. “நாளைக்கு இஞ்ச வரவேண்டாம்.”

வைத்துவிட்டாள். திரையில் ஒரு நகைக்கடை பாய்ந்து வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கமாட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. சிவாஜினி டிவியை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இவ்வளவு பெரிய பெண், கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டு, தன் கால்களையே பார்த்தபடி இருந்தாள்.

“நிலாவெளி மட்டும் என்னைத் தூக்கிக்கொண்டோ நடந்தனீங்கள்?”

“இல்லையடி” என்றேன். “பாதித் தூரம் நீயும் நடந்தனீ.”